தண்ணீரில் அளக்க வேண்டியது

செப்டம்பர் 4, வியாழன்

வீட்டுக்காரர் படியில் நிறுத்திக் கேட்டார். "முப்பதாம் தேதி காலி பண்றது உறுதிதானே? வேற ஆளுக்கு வாக்குக் குடுத்துட்டேன்." உறுதிதான் என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான்கு நாளாக எழுதாமல் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் ஒழுங்காகச் சொல்கிறேன். இந்த வாடகை வீட்டை விட்டுவிட்டுப் படகிலேயே குடியேறுவதாக முடிவு. நானும் என் மனைவியும் மூன்று வருடம் பேசிப் பேசி எடுத்த முடிவு. பல்செட் செய்யும் லேபில் எனக்கு வேலை முடிந்தது மார்ச்சில். அவள் அதற்கு முன்பே நெசவு மில்லை விட்டு வந்துவிட்டாள். இருபத்திரண்டு வருடம் தறிகளுக்கு நடுவில் நின்றதில் காது கெட்டுவிட்டது. கேட்காமல் போகவில்லை, வேண்டாததெல்லாம் கேட்கிறது. எந்நேரமும் உள்ளே ஒரு ரீங்காரம். தட்டு கீழே விழுந்தால் துடித்துப்போவாள். அதனால்தான் பாய்மரப் படகு. "காத்துலயே போகும், சத்தமே இருக்காது" என்று ஆசை காட்டியவன் நான்.

ஆனால் பாய் விரிக்கத் திறந்த கடல் வேண்டும். படகுத்துறையிலிருந்து கால்வாய் வழியாகக் கடலைத் தொட நாற்பது நிமிடம் இன்ஜினில்தான் போயாக வேண்டும். அந்த இன்ஜின்! வாங்கும்போது விற்றவர் இரண்டு நிமிடம் ஓட்டிக் காட்டினார். நானும் தலையாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை நாற்பது நிமிடம் ஓடியபோதுதான் அதன் குணம் தெரிந்தது. கப்புகள் அலமாரியில் ஆடின. தரைப்பலகை காலுக்கடியில் அதிர்ந்தது. எல்லாவற்றுக்கும் மேலே டக்... டக்டக்... டக் என்று ஒரு தட்டல். அவள் காதில் பஞ்சு வைத்து அதன்மேல் மில் நாளில் வாங்கிய காதுமூடியையும் மாட்டிக்கொண்டு முழங்காலில் தலையைப் புதைத்து உட்கார்ந்திருந்தாள்.

வெளியே போய் இன்ஜினை நிறுத்திப் பாயை ஏற்றியதும் முகம் மலர்ந்தாள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் திரும்பி வரவேண்டுமே. மறுபடி நாற்பது நிமிடம்.

கரையேறியதும் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "இதுல நான் எப்படிங்க இருப்பேன்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. கேள்வியாகவே கேட்டாள்.


செப்டம்பர் 6, சனி

அவள் தன் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். "ஒரு வாரம் இருந்துட்டு வர்றேன்" என்றாள். சரி என்றேன். வேறென்ன சொல்வது?

அவள் போனபிறகுதான் கவனித்தேன். பெரிய பையை எடுத்துப் போயிருக்கிறாள். ஒரு வாரத்துக்கு எப்போதும் சின்னப் பைதான். அது கொக்கியிலேயே தொங்குகிறது. படுக்கையில் அவள் தலையணையும் இல்லை.

தலையணையை எதற்கு எடுத்துப் போகவேண்டும்? தங்கை வீட்டில் தலையணைக்கா பஞ்சம்?


செப்டம்பர் 8, திங்கள்

படகைக் கிரேனில் தூக்கித் தரையில் நிறுத்தியிருக்கிறார்கள். அடிப்பகுதிக்குச் சாயம் பூச ஏற்கெனவே தேதி வாங்கி வைத்திருந்தோம். தண்ணீரில் பொம்மை மாதிரி இருந்தது, தரையில் நிற்கும்போது ஒரு வீடு உயரம். பக்கவாட்டில் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஏணி வைத்துத்தான் ஏறவேண்டும்.

மெக்கானிக்கை வரவழைத்துக் காட்டினேன். மனிதர் நல்லவர், ஆனால் உலகத்தில் எதற்குமே அவசரமில்லை என்று நினைப்பவர். உள்ளே படிக்கட்டைக் கழற்றி, தலையை மட்டும் நுழைத்து, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இன்ஜின் ஒரு பக்கம் பாக்குது, ஷாஃப்ட் ஒரு பக்கம் பாக்குது சார்."

அதாவது: இன்ஜினுக்குப் பின்னால் கியர்பாக்ஸ், அதன் முனையில் உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்புத் தட்டு. ப்ரொபெல்லரைச் சுழற்றும் நீளமான ஷாஃப்ட்டின் முனையிலும் அதே மாதிரி ஒரு தட்டு. இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து நான்கு போல்ட்டால் இறுக்கியிருக்கிறது. இரண்டு முகமும் நேராகப் பொருந்தவேண்டும். கோணலாக இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஷாஃப்ட் வளைந்து நிமிர்ந்து படகையே உலுக்கும்.

"தண்ணில விடுங்க, ரெண்டு நாள் ஊறட்டும். அப்புறம் வந்து பாக்கறேன். ஒண்ணும் அவசரமில்ல சார்."

அவருக்கில்லை! எனக்கு முப்பதாம் தேதி இருக்கிறது. ஊற வைக்க இது என்ன துணியா? இழுத்தடிக்கிற மனிதர்களின் பேச்சு இப்படித்தான் இருக்கும். நானே செய்துவிடலாம் என்று தோன்றுகிறது. முகத்தோடு முகம் பொருந்த வைப்பதைத்தானே முப்பது வருடமாகச் செய்தேன். மேல்பல்லும் கீழ்ப்பல்லும், அவ்வளவுதான் வித்தியாசம்.


செப்டம்பர் 10, புதன்

ஃபீலர் கேஜ் வாங்கினேன். விசிறி மாதிரி விரிகிற மெல்லிய எஃகுத் தகடுகள். ஒவ்வொன்றிலும் கனம் பொறித்திருக்கிறது. போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு, இரண்டு தட்டுகளையும் உரசும் அளவுக்கு நெருக்கி, மேலே, கீழே, வலம், இடம் என்று நான்கு இடத்திலும் எந்தத் தகடு நுழைகிறது என்று பார்க்கவேண்டும். நான்கு இடத்திலும் ஒரே தகடு நுழைந்தால் நேர். இல்லையென்றால் இன்ஜின் நிற்கிற நான்கு ரப்பர் கால்களின் நட்டைத் திருகி ஏற்றவோ இறக்கவோ வேண்டும்.

இன்று: மேலே 0.60 மில்லிமீட்டர். கீழே 0.15. வலமும் இடமும் ஏறக்குறைய சமம். ஒரு தலைமுடியின் கனம் 0.07 இருக்கும். ஆறு முடி அளவு கோணல், அதற்கே இந்தப் பாடு.

மதியம் போன் செய்தாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"ம்."

"காது எப்படி இருக்கு?"

"இங்க பரவால்ல. அமைதியாத்தான் இருக்கு."

இங்க பரவால்ல. வேண்டுமென்றே சொன்னாளா, வாயில் வந்ததைச் சொன்னாளா? நான் என்ன வேலையில் இருக்கிறேன் என்று சொல்லவில்லை. சரியானபிறகு கூட்டிக்கொண்டு வந்து காட்டவேண்டும். இப்போதே சொல்லி, சரியாகாமல் போனால்?


செப்டம்பர் 11, வியாழன்

முன்கால் இரண்டையும் அரைச் சுற்று ஏற்றினால் மேலே குறைகிறது, பக்கவாட்டில் கெடுகிறது. பக்கவாட்டைச் சரிசெய்தால் கீழே கெடுகிறது. குப்புறப் படுத்து, ஒரு கை உள்ளே, ஒரு கை டார்ச்சில், வாயில் ஸ்பேனர்.


செப்டம்பர் 13, சனி

முடித்துவிட்டேன்!

நான்கு இடத்திலும் 0.05. ஷாஃப்ட்டைக் கால் சுற்று திருப்பி மறுபடி அளந்தேன். 0.05. அரைச் சுற்று. 0.05. தட்டு இரண்டும் பொருந்துகிற அழகைப் பார்த்து ஐந்து நிமிடம் அப்படியே கிடந்தேன். லேபில் என் கையில் எத்தனையோ ஆயிரம் செட் போயிருக்கும், இத்தனை சுத்தமாக ஒன்று பொருந்தியதில்லை. மெக்கானிக் பார்த்தால் மூக்கில் விரல் வைப்பார்.

தரையில் இருப்பதால் இன்ஜினை ஓட்டிப் பார்க்க முடியாது. திங்கட்கிழமை தண்ணீரில் இறக்குகிறார்கள்.

இன்றோடு ஒரு வாரம் ஆகிறது. அவள் வரவில்லை. "தங்கச்சி இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போன்னு சொல்றா" என்றாள். தங்கை சொன்னாளா, இவளே சொல்கிறாளா?


செப்டம்பர் 15, திங்கள்

படகு தண்ணீருக்கு வந்தது. பக்கத்துப் படகுக்காரர் வந்து பாய்மரத்தின் கம்பிகளை இழுத்துக் கட்ட உதவினார். எந்நேரமும் கையில் கயிற்றோடு திரிவார், துறையில் எல்லாருக்கும் அவர் கயிற்றுக்காரர்தான். கம்பிகள் விண்ணென்று நின்றதும் படகே மிடுக்காகிவிட்டது.

கட்டிய இடத்திலேயே இன்ஜினைப் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. கியரைத் தள்ளினேன்.

டக். டக்டக். டக்டக்டக்.

முன்னைவிட மோசம். சத்தியமாக முன்னைவிட மோசம்! கப்பு ஒன்று கீழே விழுந்து உடைந்தே போயிற்று. கயிற்றுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், படகா இல்ல மாவு மில்லா?" என்றார். சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிறுத்தினேன்.

என்ன தப்பு செஞ்சேன்? நாலு பக்கமும் பாத்தேனே. மூணு தடவ பாத்தேனே.


செப்டம்பர் 16, செவ்வாய்

துறைக்குப் போகவில்லை. அவள் போன் வந்தது, எடுக்கவில்லை. எடுத்தால் குரலே காட்டிக் கொடுத்துவிடும்.


செப்டம்பர் 17, புதன்

வெட்கத்தை விட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். நான் செய்ததைக் கேட்டுவிட்டு இடுப்பில் கையை வைத்து நின்றார்.

"தரையில வெச்சா அளந்தீங்க?"

"ஆமா."

"அட என்ன சார் நீங்க!"

பிறகு பொறுமையாகச் சொன்னார். தரையில் நிற்கும்போது படகின் மொத்த எடையும் அடிக்கட்டையில் உட்கார்ந்துவிடுகிறது. தண்ணீரில் உடம்பு முழுவதையும் தண்ணீர் தாங்குகிறது. பாய்மரத்தின் கம்பிகளை இறுக்கினால் முன்னும் பின்னும் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, நூலளவுதான். ஆனால் அந்த இரும்புத் தட்டுக்குத் தெரிந்துவிடும். ஊற வைப்பது என்று அவர் சொன்னது இதைத்தான். படகு தன் வடிவத்துக்கு வர இரண்டு நாள் வேண்டும்.

அவர் பேசப் பேச எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. லேபில் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் நான் சொன்ன முதல் பாடம் என்ன? பிளாஸ்டர் அச்சில் பொருந்துவது பெரிய காரியமில்லை, வாயில் பொருந்தவேண்டும். அச்சுக்கு எச்சில் கிடையாது, சதை கிடையாது, அது கடிக்காது. எத்தனை அழகாக அச்சில் உட்கார்ந்தாலும் வாயில் போட்டுக் கடிக்கச் சொல்லிப் பார்க்காமல் அனுப்பாதே என்று தொண்டை வறளக் கத்தியவன் நான். ஒரு பெண்மணிக்கு அப்படி அனுப்பிவிட்டான் என்று ஒருவனை எல்லார் முன்னாலும் திட்டிக்கூட இருக்கிறேன். அவனிடம் இப்போது மன்னிப்புக் கேட்கவேண்டும்.

கிளம்பும்போது மெக்கானிக் சொன்னது: "தண்ணி டேங்க், டீசல் டேங்க் ரெண்டையும் நெரப்புங்க. இங்கயே குடியிருக்கப் போறீங்கன்னா வீட்டுச் சாமானையும் ஏத்திடுங்க. எப்படி ஓட்டப் போறீங்களோ அப்படி வெச்சு அளங்க. இல்லன்னா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

வீட்டுச் சாமான்.


செப்டம்பர் 19, வெள்ளி

என் சாமான்களை ஏற்றிவிட்டேன். நான்கு பெட்டி, கருவிப் பை, புத்தகங்கள். மூன்று நடையில் முடிந்தது.

அவளுடையது அப்படியே இருக்கிறது. தையல் மெஷின், அது மட்டுமே ஓர் ஆள் தூக்க முடியாத இரும்பு. துணிப் பெட்டி இரண்டு. பாத்திரப் பெட்டி. படகில் மெஷினுக்கென்று இடதுபக்கம் ஒரு மேடையே அடித்து வைத்திருக்கிறேன்.

அவளைக் கேட்காமல் எப்படி ஏற்றுவது? ஏற்றிவிட்டு, அவள் வரவில்லை என்றால்? மறுபடி இறக்க வேண்டுமே. தையல் மெஷினை நான் தனியாகப் படகிலிருந்து இறக்கித் துறைப் பலகைமேல் தள்ளிக்கொண்டு போவதை நினைத்துப் பார்த்தேன்.

ஏற்றாவிட்டால் அளவு சரியாக வராது. அளவு சரியாக வராவிட்டால் சத்தம் நிற்காது. சத்தம் நிற்காவிட்டால் அவள் வரமாட்டாள். அவள் வருவாளா என்று தெரியாமல் ஏற்ற முடியாது. காலையிலிருந்து இதையே சுற்றிச் சுற்றி வருகிறேன்.

போன் செய்தேன். கேட்கவேண்டியதை விட்டுவிட்டு அலமாரிச் சாவி எங்கே என்று கேட்டேன். "கதவுலயே தொங்குது" என்றாள். எனக்கும் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டேன்.


செப்டம்பர் 20, சனி

கொழுந்தியாள் போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். அக்கா குளித்துக்கொண்டிருக்கிறதாம்.

"மாமா, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. எங்க தெருக் கோடியில ஒரு மாடி ரூம் காலியா இருக்கு. அக்கா போய்ப் பாத்துட்டு வந்துச்சு."

"எதுக்கு?"

"வாடகைக்குத்தான், வேற எதுக்கு மாமா?"

"ரெண்டு பேருக்கா... ஒருத்தருக்கா?"

"அதை நான் எப்படிக் கேப்பேன்? நீங்க வந்து கேளுங்க. ரெண்டு வாரமா அக்கா நீங்க ஏதாவது கேப்பீங்கன்னு பாத்துட்டே இருக்கு. நீங்க சாப்பிட்டியான்னு மட்டும்தான் கேக்கறீங்களாம்."

போனை வைத்துவிட்டேன். ஒரு ரூம். சின்ன ரூமா பெரிய ரூமா என்றாவது கேட்டிருக்கலாம். மடையன்.


செப்டம்பர் 21, ஞாயிறு

போனேன். பஸ்ஸில் இரண்டு மணி நேரம், என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே. அவளைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. கொழுந்தியாள் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நழுவினாள்.

இன்ஜின், ஷாஃப்ட், ஆறு முடி கோணல், தரையில் அளந்த அசட்டுத்தனம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். என் கையைப் பார்த்தாள். விரல் முட்டியெல்லாம் சிராய்ப்பு.

"இத்தன நாளா இதையா பண்ணிட்டு இருந்தீங்க?"

"ஆமா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சரியானப்புறம் சொல்லலாம்னு."

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "நீங்க படகைப் பூட்டிட்டு வீட்ல உக்காந்திருக்கீங்கன்னு நெனச்சேன். 'அவளுக்குத்தான் காது சரியில்ல, என்னால என்ன பண்ண முடியும்'னு விட்டுட்டீங்கன்னு நெனச்சேன். இருபத்திரண்டு வருஷம் தறி ஓட்டினவகிட்ட, மெஷின்ல என்ன சத்தம் வருதுன்னு ஒரு வார்த்த கேக்கத் தோணல இல்ல உங்களுக்கு?"

தோன்றவில்லை. உண்மையிலேயே தோன்றவில்லை. அவள் காதைக் காப்பாற்றவேண்டும் என்று நினைத்தேனே தவிர, அவளைக் கேட்கலாம் என்று நினைக்கவில்லை.

"சத்தம் எனக்கு என்ன புதுசா? ஒரே சீரா ஓடுற தறிப்பக்கம் நின்னுட்டே தூங்கியிருக்கேன். மேஸ்திரிகிட்ட திட்டுகூட வாங்கியிருக்கேன். இது அப்படி இல்ல. தட்டும், நிக்கும், மறுபடி தட்டும். அடுத்தது எப்ப வரும்னு உடம்பெல்லாம் காத்துட்டே இருக்கு. அதுதாங்க தாங்க முடியல."

பிறகு கேட்டாள். "தையல் மெஷினை ஏத்தியாச்சா?"

"இல்ல."

"ஏன்?"

சொல்லிவிட்டேன். "நீ வரலன்னா மறுபடி இறக்கணுமே. என்னால முடியாது."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாடி ரூமைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். "இந்தத் தெருவுல ஒரு ரூம் பாத்து வெச்சிருக்கேன். அடுத்த ஞாயித்துக்கெழம சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்னு சொல்லியிருக்கேன். நாளன்னிக்கு வந்து படகைப் பாக்கறேன். பாக்கத்தான் வர்றேன், வாக்குக் குடுக்கல."

ரூம் எத்தனை பேருக்கு என்று இப்போதும் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை.


செப்டம்பர் 23, செவ்வாய்

வந்தாள். கையில் காதுமூடி மட்டும். பெரிய பையும் இல்லை, தலையணையும் இல்லை.

முதல் வேலையாகத் தையல் மெஷின். அவள், நான், கயிற்றுக்காரர் மூவரும் சேர்ந்து ஏற்றினோம். "அளக்கறதுக்குத்தான் ஏத்தறோம்" என்று அவரிடம் இரண்டு தடவை சொன்னாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, தலையாட்டினார். துணிப் பெட்டிகள் வந்தன. பாத்திரம் வந்தது. டேங்க் இரண்டும் நிரம்பின. படகு ஒரு விரல் அளவு தண்ணீரில் இறங்கியது.

அளந்தோம். மேலே 0.10, கீழே 0.45. நான் தரையில் பொருத்திய அழகு அப்படியே தலைகீழாகக் கிடந்தது.

நான் நட்டைத் திருக, அவள் தகட்டை நுழைத்துப் பார்த்தாள். எண்ணைப் பார்ப்பதே இல்லை. "இது வழுக்குது... இங்க இழுக்குது... இன்னும் கொஞ்சம்... போதும், போதும்னா நிறுத்த மாட்டீங்களா!" நூலின் இழுவையை விரலால் பார்த்தவள். என் கண்ணைவிட அவள் விரல் கெட்டி. நடுவில் ஸ்பேனர் தவறி அவள் கால் பக்கத்தில் விழுந்தது. உயிரே போய்விட்டது எனக்கு, சத்தத்துக்குப் பயந்து. அவள் ஒரு முறை கண்ணை மூடித் திறந்துவிட்டு, "எடுங்க" என்றாள்.

மூன்று மணி நேரம். நான்கு இடத்திலும் 0.08க்குள்.

போல்ட்டை இறுக்கி, இன்ஜினைப் போட்டு, கியரைத் தள்ளினேன். அதிர்வு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது! ஆனால் அந்தத் தட்டல் இருக்கிறது. வேகத்தைக் கூட்டினால் இல்லை, குறைத்தால் இல்லை, நடுவில் மட்டும் டக், டக். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவ்வளவுதான், ரூமுக்குச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் காதுமூடியை இறுக்கிக்கொண்டு இன்ஜின் பக்கத்தில் மண்டியிட்டாள். "காத நம்பறத விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு ரப்பர் காலுக்கு மேலும் உள்ளங்கையை வைத்தாள். "கியரை எடுங்க. போடுங்க. எடுங்க. போடுங்க."

பின்பக்கம் இடது காலில் கை நின்றது.

"மத்த மூணும் அமுங்குது. இது துள்ளுது. செத்துப்போன கால் இது."

டார்ச் அடித்துப் பார்த்தேன். எண்ணெய் ஊறி, ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்திருக்கிறது. அதன்மேல் எண்ணெய் அழுக்குப் படிந்து பார்வைக்கு முழுசாகத் தெரிகிறது. இத்தனை நாளும் இந்தக் காலின் நட்டைத்தான் நான் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திருகியிருக்கிறேன். பல் ஆடுகிறதா என்று பார்க்காமல் அதன்மேல் செட் கட்டியது போல.

சாயங்கால பஸ்ஸில் கிளம்பிவிட்டாள். "மாத்திட்டுச் சொல்லுங்க. ஞாயித்துக்கெழம வர்றேன்."


செப்டம்பர் 25, வியாழன்

மெக்கானிக்கிடம் சொன்னேன். "யார் கண்டுபிடிச்சது, நீங்களா?" என்றார். இல்லை, என் வீட்டுக்காரி, கையை வைத்தே கண்டுபிடித்தாள் என்றேன். "அப்ப அவங்களையே கேட்டு வேல பண்ணுங்க சார்" என்றார். பின்கால் இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்கிறார், ஒன்று புதிது ஒன்று பழையது என்று இருந்தால் சாய்ந்துவிடுமாம். கடையில் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று நாளை வருமாம். நாளை வராவிட்டால்?


செப்டம்பர் 26, வெள்ளி

வந்தது. மாற்றினேன். எல்லாவற்றையும் மறுபடி அளக்கவேண்டும். அவள் விரல் இல்லாமல் தனியாக அளப்பது கையொடிந்த மாதிரி இருக்கிறது. போன் போட்டுத் தகடு எவ்வளவு இழுக்கவேண்டும் என்று கேட்டேன். "தலைமுடியில சீப்பு போற மாதிரி. சிக்கக் கூடாது, வழுக்கவும் கூடாது" என்றாள்.

0.07, 0.06, 0.07, 0.07.

இன்ஜினைப் போட்டுப் பார்க்கவில்லை. பயம்.


செப்டம்பர் 27, சனி

இன்றும் போடவில்லை. கயிற்றுக்காரர், "என்ன சார், தவமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வீட்டில் நான் படுக்கும் பாயும் ஒரு சொம்பும்தான் மிச்சம். பேசினால் எதிரொலிக்கிறது. பேச யாருமில்லை என்பது வேறு விஷயம்.

நாளைக்கு சரியா வரலன்னா ரூம்தான். ஒருத்தருக்கான ரூமா இருந்தா நான் படகுல, அவ அங்க. ரெண்டு பேருக்கான ரூமா இருந்தா படகை வித்துடலாம். வித்துடறேன். சத்தியமா வித்துடறேன். அதை மட்டும் அவகிட்ட சொல்லிடணும்.


செப்டம்பர் 28, ஞாயிறு

காலை பஸ்ஸில் வந்தாள். வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டேன். "சரியா வரலன்னா படகை வித்துடலாம்." அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மொதல்ல ஓட்டுங்க."

ஓட்டினேன். கயிற்றை அவிழ்த்துக் கால்வாயில் திருப்பினேன். அவள் கீழே அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள், காதுமூடியோடு. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் எனக்கு அவள் தெரியவில்லை.

சத்தம் இருந்தது. டீசல் இன்ஜின் என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும். ஒரே மாதிரி தடதடவென்று ஓடியது. நான் அந்தத் தட்டலுக்காகக் காத்துக்கொண்டே போனேன். மெதுவாகப் போகும்போது வரும் என்று காத்தேன். நடு வேகம் வந்தது, இப்போது வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பாலத்துக்கு அடியில் வரும். சிவப்பு மிதவையைத் தாண்டினால் வரும். உடம்பெல்லாம் காத்துட்டே இருக்கு என்று அவள் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது.

இருபது நிமிடம் கழித்து, "எப்படி இருக்கு?" என்று கத்தினேன். பதில் இல்லை.

"ஏம்மா! எப்படி இருக்கு?"

பதில் இல்லை. போன தடவை மாதிரி முழங்காலில் தலையைப் புதைத்திருப்பாள். கேட்கவே வேண்டியதில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, அசிங்கமாக. எதிரே படகு எதுவும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, சக்கரத்தை ஒரு கையால் பிடித்தபடி குனிந்து எட்டிப் பார்த்தேன்.

காதுமூடி தையல் மெஷின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பாய்த்துணிப் பையைத் தலைக்கு வைத்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு உள்ளங்கை இன்ஜின் மூடிப் பலகைமேல் கிடந்தது.

கடல் வந்தது. நல்ல காற்று. இன்ஜினை நிறுத்திவிட்டுப் பாயை ஏற்றவேண்டிய இடம் வந்தது, போனது. நிறுத்தவில்லை. நிறுத்தினால் விழித்துக்கொள்வாள். காற்று சும்மா வீச, பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு இன்ஜினிலேயே நேராகப் போய்க்கொண்டிருந்தேன். எதிரே வந்த பாய்மரப் படகுக்காரர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.


செப்டம்பர் 30, செவ்வாய்

வீட்டுச் சாவியைக் கொடுத்தாயிற்று. வீட்டுக்காரர் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

மதியம் அவள் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். தலையணையை எடுத்துவரவேண்டுமாம். சின்னப் பையைத்தான் எடுத்துப் போயிருக்கிறாள்.